புது கேம்பரில் கோளாறு: நாமே சரிசெய்வதா, வாரண்டிக்குப் போவதா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். டெக்சஸில், டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் வீடு. புதிதாக 26 அடி ட்ராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேம்பர் வீடு) வாங்கி, இங்க்ஸ் லேக் பூங்கா வரைக்கும் முதல் பயணம் போய்வந்தாயிற்று. திரும்பி வந்து பார்த்தால் ஐந்து குறைகள். ஓடும்போது மேல் அலமாரிக் கதவு திறந்துகொள்கிறது. சமையல் சிங்க்குக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது. கேஸில் போட்டால் ஃப்ரிட்ஜ் குளிர்வதில்லை. ஸ்லைடின் (நிறுத்திய பிறகு வெளியே தள்ளி உள்ளே இடத்தைக் கூட்டும் பெட்டி) மேல் மூலையில் ரப்பர் சீல் கிழிந்திருக்கிறது. மழை பெய்த மறுநாள் முன் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஈரமாக, தொட்டால் மெத்தென்று இருக்கிறது. டீலர் ஏழு வாரம் கழித்துத்தான் தேதி தருகிறார். கணவர் கைவேலை தெரிந்தவர். நாமே செய்துகொள்ளலாமா, செய்தால் வாரண்டி போய்விடுமா என்பது கேள்வி.

முதல் மூன்றையும் இந்த வார இறுதியிலேயே நீங்களே பாருங்கள். நான்காவதை அளந்து பார்த்த பிறகு முடிவு செய்யலாம். ஐந்தாவதில் கை வைக்கவே வேண்டாம்; அது டீலரின் வேலை, அதுவும் எழுத்தில் பதிவாகி நடக்க வேண்டிய வேலை.

இப்படிப் பிரிப்பதற்கு, வேலை எளிதா கடினமா என்பதை நான் அளவாக வைத்துக்கொள்வதில்லை. ஜன்னல் ஓரத்தில் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) பூசுவது சிங்க் குழாயை இறுக்குவதைவிட எளிது. ஆனால் நான் செய்யும் வேலை கோளாறின் காரணத்தை மூடி மறைத்துவிடுமா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். மறைக்காது என்றால் நானே செய்வேன், டீலருக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டேன். மறைக்கும் என்றால், எவ்வளவு சின்ன வேலையாக இருந்தாலும் வாரண்டிதான்.

சட்டத்தைப் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். “நீங்கள் கை வைத்தால் வாரண்டி காலி” என்று சர்வீஸ் கவுன்டரில் சொல்வார்கள். அமெரிக்காவில் 1975 முதல் மாக்னுசன்–மாஸ் வாரண்டி சட்டம் இருக்கிறது. வேறு கம்பெனிப் பாகத்தைப் போட்டார்கள், வேறு ஆளிடம் கொடுத்தார்கள், தானே செய்துகொண்டார்கள் என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மொத்த வாரண்டியையும் ரத்து செய்ய அந்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆனால் நீங்கள் செய்த வேலையால்தான் இந்தச் சேதம் வந்தது என்று காட்டினால், அந்தச் சேதத்துக்கு மட்டும் அவர்கள் பொறுப்பேற்க மறுக்கலாம். அலமாரிக் கொக்கியை மாற்றியதற்காக அச்சு வளைந்ததற்கு வாரண்டி இல்லை என்று சொல்ல முடியாது. ஜன்னலுக்கு நீங்கள் சீலன்ட் பூசிவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே ஜன்னலுக்குக் கீழே சுவர் அழுகிவிட்டது என்று போய் நின்றால், வாரண்டி இல்லை என்று அவர்கள் தாராளமாகச் சொல்லலாம். மறைப்பதைப் பற்றி நான் இவ்வளவு பேசுவது அதனால்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு இருப்பது ஒரே வாரண்டி இல்லை, ஒரு கட்டு வாரண்டி. அமெரிக்காவின் கேம்பர்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தில், எல்கார்ட் என்ற ஊரைச் சுற்றியே கட்டப்படுகிறது. கட்டுகிறவர் தருவது பொதுவாக ஓராண்டு வாரண்டி. ஜேகோ போன்ற சிலர் இரண்டாண்டு தருகிறார்கள். ஆனால் அடிச்சட்டம் பெரும்பாலும் லிப்பர்ட் என்ற கம்பெனியுடையது. ஃப்ரிட்ஜ், ஏசி, வாட்டர் ஹீட்டர், டயர் எல்லாம் வேறு வேறு கம்பெனிகள், ஒவ்வொன்றுக்கும் தனி வாரண்டி, தனி ஃபோன் நம்பர். வாங்கும்போது கொடுத்த பையில் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும், யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இன்று ராத்திரி உட்கார்ந்து பிரித்து, எல்லாவற்றின் மாடல் எண், சீரியல் எண்ணையும் ஃபோனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த உறுப்பை யார் கவனிக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது.

“வேறு பிராண்ட் வாங்கியிருந்தால் இந்தத் தலைவலி இருக்காதோ” என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிதாக மாறியிருக்காது. ஜேகோ, கீஸ்டோன், ஏர்ஸ்ட்ரீம் மூன்றுமே தோர் என்ற ஒரே குழுமத்துக்குச் சொந்தம். ஃபாரஸ்ட் ரிவரை வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் 2005-இலேயே வாங்கிவிட்டது. தரத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மெல்லிய ப்ளைவுட்டும் ஸ்டேப்பிளும் வைத்து வேகமாகக் கட்டிய ஒரு வீட்டை ஹைவேயில் 65 மைல் வேகத்தில் இழுத்துப் போனால், முதல் சில பயணங்களில் ஏதாவது கழன்றே தீரும். புதுசில் இப்படி வருவது உங்கள் துரதிர்ஷ்டம் இல்லை, எல்லாருக்கும் வருவதுதான்.

சரி, ஒவ்வொன்றாக.

அலமாரிக் கதவு பத்து நிமிட வேலை. கொக்கியின் திருகு பிடித்திருப்பது பெரும்பாலும் மெல்லிய பைன் சட்டத்தில், ஓட்டை தளர்ந்திருக்கும். மரப் பசையில் தோய்த்த பல்குச்சி இரண்டை ஓட்டையில் செருகி, காய்ந்ததும் வெட்டிவிட்டு, அதே திருகைத் திரும்பப் போடுங்கள். “இன்னும் நீளமான திருகு போட்டால் நன்றாகப் பிடிக்கும்” என்று மட்டும் நினைக்காதீர்கள். பின்னால் ஒயர் ஓடலாம், தண்ணீர்க் குழாய் ஓடலாம், வெளிச்சுவரே ஓர் அங்குலத்துக்குள் இருக்கலாம். நீளத் திருகு வெளிப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டால், அங்கே வருகிற ஒழுகலுக்கு நீங்கள்தான் சொந்தக்காரர். கதவு, கைப்பிடி, திரை, இழுப்பறை, கழன்ற பீடிங் எல்லாம் இந்த வகைதான். இதற்காக ட்ரெய்லரை டீலரிடம் விடுவது வீண் வேலை.

சிங்க்குக்கு அடியில் சொட்டுவதில், எந்தப் பக்கத்துத் தண்ணீர் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு பம்ப்பைப் போட்டுக் காத்திருங்கள். யாரும் தண்ணீர் திறக்காமலே சில நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் தானாக ஓடி நின்றால், அழுத்தம் உள்ள குழாயில் எங்கோ கசிகிறது. பம்ப் சத்தமே இல்லை, சிங்க்கில் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் கீழே ஈரமாகிறது என்றால், கழிவுநீர்க் குழாய். உங்களுடையது அநேகமாக இரண்டாவதுதான். வளைந்த குழாயின் பிளாஸ்டிக் நட்டு பயணத்தில் கழன்றிருக்கும். அதைப் பிரித்து உள்ளே இருக்கும் வாஷரைப் பாருங்கள். சரிந்த பக்கம் மூட்டை நோக்கி இருக்க வேண்டும். தொழிற்சாலையில் தலைகீழாக மாட்டியிருப்பதை நான் எத்தனையோ ட்ரெய்லரில் பார்த்திருக்கிறேன். திரும்பப் போட்டுக் கையாலேயே இறுக்குங்கள், மிஞ்சினால் ரெஞ்ச்சால் கால் சுற்று. அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் விரிந்துவிடும். பிறகு ஒரு டிஷ்யூ காகிதத்தால் மூட்டைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரமும் அதில் தெரியும்.

இந்த வேலை எதையும் மறைக்காது. சொட்டு நின்றால் நின்றதுதான். நிற்காவிட்டால் அடுத்த நாளே தெரிந்துவிடும். மாறாக ஏழு வாரம் சொட்டவிட்டால் கீழே இருக்கும் தரைப்பலகை ஊறிப்போகும், “தெரிந்தும் விட்டுவைத்தீர்கள்” என்று அதற்கு வாரண்டி மறுக்கப்படும். சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு என்பது இந்த வாரண்டிகளில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. பம்ப் தானாக ஓடுகிறது, கசிவது உலோக வளையம் போட்டு நசுக்கிய மூட்டில் என்றால் கதை வேறு. அதற்குத் தனிக் கருவி வேண்டும். தண்ணீரை நிறுத்தி வைத்துவிட்டு டீலரைக் கூப்பிடுங்கள்.

ஃப்ரிட்ஜ் விஷயத்தில் பாதிப் புகார்கள் கோளாறே இல்லை. இப்போதைய ட்ரெய்லர்கள் பலவற்றில் 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃப்ரிட்ஜ்தான் வருகிறது. உங்களுடையது கேஸிலும் ஓடும் பழைய வகை, வெப்பத்தால் அம்மோனியாவைச் சுற்றவிட்டுக் குளிரவைப்பது. அதற்கு ட்ரெய்லர் ஓரளவு மட்டமாக நிற்க வேண்டும், சரிவில் நின்றால் குளிராது. குளிர்வதற்கே பல மணி நேரம் எடுக்கும், அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாளே போட்டுவிட வேண்டும். அப்புறம், புது ட்ரெய்லரின் கேஸ் குழாயில் காற்று அடைத்துக்கொண்டிருக்கும். முதலில் அடுப்பைப் பற்றவைத்து, சுடர் நிதானமாக நின்று எரியும் வரை விடுங்கள், அதன் பிறகு ஃப்ரிட்ஜை கேஸில் போடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று சிலிண்டர் வால்வைத் திறக்கும் விதம். வேகமாகத் திறந்தால், எங்கோ குழாய் உடைந்து கேஸ் கொட்டுகிறது என்று எடுத்துக்கொண்டு அதன் பாதுகாப்பு அமைப்பு வரத்தைக் குறைத்துவிடும். அடுப்பு மங்கலாக எரியும், ஃப்ரிட்ஜ் பற்றவே பற்றாது. சிலிண்டரை மூடி, அடுப்பு குமிழ்களையும் மூடி, ஓரிரு நிமிடம் விட்டு, வால்வை மெதுவாக, மிக மெதுவாகத் திறங்கள். இதற்குப் பிறகும் குளிரவில்லை என்றால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பர்னரைப் பிரிப்பது, ரெகுலேட்டரைத் திருகுவது எல்லாம் உங்கள் வேலை இல்லை. கேஸ் அழுத்தம் 11 அங்குலத் தண்ணீர் உயரத்தின் அளவுக்கு இருக்கிறதா என்று மானோமீட்டர் வைத்து டெக்னீஷியன்தான் பார்க்க வேண்டும். ட்ரெய்லர் கம்பெனியைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஃப்ரிட்ஜ் கம்பெனியையே நேராகக் கூப்பிடுங்கள். அருகில் இருக்கும் அவர்களுடைய சர்வீஸ் ஆளை உங்கள் இடத்துக்கே அனுப்புவதும் உண்டு. கேஸில் நாமே செய்யலாம் என்று நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. குமிழி வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஸ்லைடின் கிழிந்த சீலுக்கு வருவோம். புது சீல் வாங்கிச் செருகுவது பெரிய வேலை இல்லை. ஆனால் புது ட்ரெய்லரில் ரப்பர் ஏன் கிழிந்தது? ஸ்லைடு பெட்டி கோணலாக உள்ளே போய்வருவதால் கிழிந்திருந்தால், புது ரப்பரும் சில மாதத்தில் அதே மூலையில் கிழியும். நடுவில் நீங்கள் அதை மாற்றியதால், கோணல் முதலிலிருந்தே இருந்தது என்று காட்டவும் முடியாது. அதனால் அளந்து பாருங்கள். ஸ்லைடை முழுதாக உள்ளே இழுத்துவிட்டு, வெளியே அதன் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நான்கு மூலையிலும் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், தொழிற்சாலையில் மாட்டும்போது கிழிந்திருக்கலாம். கம்பெனியிடம் சீலைத் தபாலில் அனுப்பச் சொல்லி நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஒரு பக்கம் இறுகி இன்னொரு பக்கம் விலகி இருந்தால் டீலர்தான். பல ட்ரெய்லர்களில் ஸ்லைடை இரண்டு பக்கமும் இரண்டு மோட்டார் தள்ளுகின்றன; அவை இரண்டும் ஒத்து ஓட வேண்டும். யூட்யூப் பார்த்து அதைச் சரிசெய்யப் போனால் ஸ்லைடு பாதியில் நின்றுவிடும், அதுவும் கேம்ப்கிரவுண்டில் வைத்துத்தான் நிற்கும்.

இனி அந்த ஈரச் சுவர். நீங்கள் கொஞ்சம் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

உங்கள் ட்ரெய்லரின் சுவர் ஒட்டுச் சுவர். வெளியே மெல்லிய ஃபைபர்கிளாஸ், அதற்குப் பின்னால் மெல்லிய பலகை, நடுவில் ஃபோம், உள்ளே இன்னொரு பலகை, எல்லாம் பசையால் ஒட்டியது. தண்ணீர் புகுந்தால் பசை விட்டுப்போய், வெளிப்பக்கம் கொப்புளம் மாதிரி உப்பிக்கொள்ளும். அந்த நிலைக்கு வந்த சுவரைப் பழையபடி கொண்டுவருவது ஆயிரக்கணக்கான டாலர் வேலை, சில சமயம் அந்தச் சுவரையே மாற்ற வேண்டும். வாரண்டிக் காலத்தில் எழுத்தில் பதிவானால் இது கம்பெனியின் செலவு. பதிவாகாவிட்டால் உங்கள் செலவு.

ஈரம் தெரிவது ஜன்னலுக்குக் கீழே என்பதால் தண்ணீர் ஜன்னல் வழியாகத்தான் வருகிறது என்று சொல்லிவிட முடியாது. முன்பக்க மேல்முனையில் கூரையும் சுவரும் சேரும் மூட்டு, அங்கே இருக்கும் சின்ன அடையாள விளக்குகள், ஜன்னல் சட்டம், இவற்றில் எது வழியாகவும் நுழைந்து சுவருக்குள்ளேயே இறங்கி, ஜன்னல் சட்டத்தில் தடுக்கி, அங்கே வெளியே தெரியலாம். கணவர் ஹோம் டிப்போ போய் ஒரு சிலிக்கோன் குழல் வாங்கிவந்து ஜன்னலைச் சுற்றிப் பூசுகிறார் என்று வையுங்கள். ஒருவேளை ஈரம் கொஞ்ச நாள் தெரியாமல் போகலாம். உள்ளே ஊறுவது ஊறிக்கொண்டேதான் இருக்கும். ஓராண்டு முடிந்து கொப்புளம் வெளியே வரும்போது, டீலர் முதலில் பார்ப்பது உங்கள் சிலிக்கோனைத்தான்.

சிலிக்கோனால் வேறொரு தொல்லையும் உண்டு. அதன்மேல் வேறு எந்த சீலன்ட்டும் ஒட்டாது. சுரண்டி எடுத்தாலும் தடம் இருக்கும். கேம்பர் கூரைக்கு டைகார் போன்ற கம்பெனிகள் செய்யும், தானாகப் பரவி மட்டமாகும் சீலன்ட்தான் வழக்கம். சிலிக்கோன் பூசிய இடத்தில் பிறகு அதைப் பூசினாலும் பிடிக்காது. வீட்டு பாத்ரூமுக்கு வாங்கியது ட்ரெய்லருக்கு வேண்டாம்.

ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கிறதா பாருங்கள். அவை ஓட்டை இல்லை, வேண்டுமென்றே விட்ட வடிகால். கண்ணாடித் தடத்தில் சேரும் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். மரத்தூள் அடைத்திருந்தால் ஒரு மெல்லிய குச்சியால் குத்திவிடுங்கள், இதற்கு டீலர் வேண்டாம். இந்தத் துளைகளையே “ஒழுகுகிறது” என்று அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதோடு தண்ணீர் முழுவதும் உள்ளே திரும்பிவிடும்.

ஈரத்துக்கு இப்போது செய்யக்கூடியது இவ்வளவுதான். நாற்பது, ஐம்பது டாலருக்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கி, ஈரமான இடத்திலும் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் காய்ந்த இடத்திலும் வைத்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். பென்சிலால் ஈரத்தின் எல்லையைக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் முன்பக்கத்தை மேலிருந்து தார்ப்பாயால் மூடுங்கள். தார்ப்பாய் எதையும் மாற்றுவதில்லை, எடுத்தால் போய்விடும், சேதம் பெருகாமல் பார்த்துக்கொண்டீர்கள் என்பதற்குச் சாட்சியும் ஆகும். டீலரிடம் போகும்போது காற்றழுத்தச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ட்ரெய்லருக்குள் காற்றை ஏற்றி, வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்தால், ஒழுகும் இடத்தில் குமிழி வரும். சீல்டெக் என்று கேட்டால் தெரிந்திருக்கும். இந்தச் சோதனை செய்யாமல் “சீலன்ட் பூசிவிட்டோம், எடுத்துப் போங்கள்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊறிய பலகைக்கு என்ன செய்தார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

டீலர் ஏன் ஏழு வாரம் என்கிறார் என்பதும் தெரிந்திருந்தால் கோபம் குறையும், பேரமும் நன்றாகப் பேசலாம். காசு கொடுத்து வருகிற வாடிக்கையாளரிடம் மணிக்கு 150 டாலருக்கு மேல் வாங்குவது இப்போது சாதாரணம். வாரண்டி வேலைக்குக் கம்பெனி தருவது, இந்த வேலைக்கு இத்தனை நிமிடம் என்று அவர்களே போட்டுவைத்த கணக்கின்படி. போதாக்குறைக்கு டீலர் படம் எடுத்து அனுப்பி, அனுமதி வாங்கி, பாகம் ஆர்டர் செய்து, அது எல்கார்டிலிருந்து வரும் வரை காத்திருக்க வேண்டும். அதனால் வாரண்டி வண்டி வரிசையில் பின்னால் போகிறது. வேறு இடத்தில் வாங்கிய வாரண்டி வண்டி அதற்கும் பின்னால். வசந்த காலத்திலிருந்து கோடை வரை இது இன்னும் மோசம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கோடை ஆரம்பத்தில் விட்ட ட்ரெய்லர், பள்ளி திறந்த பிறகுதான் கைக்கு வந்தது. உண்மையான வேலை ஒரு நாளுக்குள் முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் ஒரு பாகத்துக்காக மைதானத்தில் வெயிலில் நின்றதுதான். மாதத் தவணை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இப்படி ஆகாமல் இருக்க ஒரு வழி உண்டு. முதல் முறை போகும்போது, “பார்த்து, படம் எடுத்து, பாகத்தை ஆர்டர் செய்யுங்கள், நான் வண்டியை எடுத்துப் போய், பாகம் வந்ததும் கொண்டுவருகிறேன்” என்று சொல்லுங்கள். ஓட்ட முடியாத நிலை இல்லை என்றால் இதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அவர்களுக்கும் மைதானத்தில் இடம் மிச்சம்.

டீலர், நாமே என்ற இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. ட்ரெய்லர் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் போட்டு, “டீலருக்கு ஏழு வாரம் ஆகும். பாகத்தை அனுப்பினால் நாங்களே மாட்டிக்கொள்கிறோம், அல்லது இடத்துக்கே வந்து வேலை செய்யும் மொபைல் டெக்னீஷியனைக் கூப்பிட்டுக்கொள்கிறோம். செலவை ஏற்பீர்களா?” என்று கேளுங்கள். கொக்கி, சீல், விளக்கு, குழாய் போன்றவற்றுக்குப் பல கம்பெனிகள் சரி என்பார்கள், அவர்களுக்கும் அது மலிவு. அனுமதி எழுத்தில் வரும் வரை வேலையைத் தொடங்கக் கூடாது. வேலையை முடித்துவிட்டு ரசீது அனுப்பினால் “முன் அனுமதி இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஃப்ரிஸ்கோ, ப்ளேனோ பக்கம் இந்த வழி இன்னும் வசதி. உங்கள் எச்ஓஏ (குடியிருப்பு வீட்டுக்காரர்கள் சங்கம்) ட்ரெய்லரை வீட்டு வாசலில் நிறுத்த விடாது, ஸ்டோரேஜில்தான் நிற்கும். ஆனால் உள்ளே வைத்து வேலை செய்ய அந்த ஸ்டோரேஜ் அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பலவற்றில் அனுமதி இல்லை.

டெக்சஸில் இருப்பதால் உங்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியை வாங்கியவரைக் காப்பது லெமன் சட்டம். பல மாநிலங்களின் லெமன் சட்டத்தில் இழுத்துச் செல்லும் ட்ரெய்லருக்கு இடமில்லை, டெக்சஸில் உண்டு. ஒரே பெரிய குறைக்காக நான்கு முறை டீலரிடம் போயும் தீரவில்லை என்றாலோ, பழுதுக்காக மொத்தம் 30 நாள் அல்லது அதற்கு மேல் வண்டி உங்கள் கையில் இல்லாமல் போனாலோ, டெக்சஸ் மோட்டார் வாகனத் துறையிடம் புகார் கொடுக்க வழி இருக்கிறது. அதற்கு நிபந்தனைகளும் காலக்கெடுவும் உண்டு, துறையின் தளத்திலேயே படித்துவிடுங்கள். இந்தக் கணக்கில் சேர்வது டீலர் செய்த முயற்சிகள்தான். கணவர் மூன்று சனிக்கிழமை ஏறி இறங்கி சீலன்ட் பூசியது ஒரு முயற்சியாகக்கூட எண்ணப்படாது. ஈரச் சுவரை டீலரிடம் கொண்டுபோகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் ஒவ்வொரு முறை போகும்போதும் ரிப்பேர் ஆர்டர் என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் சொன்ன குறை உங்கள் வார்த்தையிலேயே அதில் இருக்க வேண்டும். “பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை” என்று எழுதினாலும் பரவாயில்லை, தாள் கையில் இருந்தால் போதும்.

வாரண்டிப் புத்தகத்தில் இன்னும் சில வரிகளைத் தேடிப் படியுங்கள். கூரை சீலன்ட்டை 90 நாளுக்கு ஒருமுறை பார்த்துப் பராமரிக்க வேண்டும் என்று பலவற்றில் இருக்கும். அதைச் செய்யவில்லை என்று சொல்லித்தான் ஒழுகல் புகார்கள் அதிகம் தள்ளுபடியாகின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு மூட்டையும் படம் எடுத்து வையுங்கள். டெக்சஸ் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் வெடிக்கும். வாடகைக்கு விட்டால் வாரண்டி செல்லாது என்றும் வழக்கமாக இருக்கும். “சும்மா நிற்கிறதே, வாடகைத் தளமான அவுட்டோர்சியில் போட்டால் தவணையாவது வரும்” என்று யோசனை சொல்லும் நண்பர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் ட்ரெய்லருக்கு 30 ஆம்ப் ப்ளக் பாயின்ட் போடப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. அது 120 வோல்ட். பார்க்க டிரையர் ப்ளக் போல இருப்பதால் வீட்டு எலக்ட்ரீஷியன்கள் சிலர் 240 கொடுத்துவிடுகிறார்கள். மைக்ரோவேவிலிருந்து கன்வர்ட்டர் வரை ஒரே நொடியில் போய்விடும், எந்த வாரண்டியும் அதற்கு வராது. மாட்டுவதற்கு முன்னால் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டயரை மறக்க வேண்டாம். முதல் 50, 100 மைலில் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் மறுபடி இறுக்க வேண்டும், அது உரிமையாளரின் வேலை. அதே சமயம், இவ்வளவு புது டயரில் ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு கோணல். புது டயர் வாங்கிப் போட்டு அதை மறைக்காமல், தேய்ந்த டயரோடேயே டீலரிடம் காட்டுங்கள். பிரேக், அடிச்சட்டத்தில் விரிசல் இதெல்லாம் சொல்லவே வேண்டாம், டீலர்தான். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் தளத்தில் வண்டியின் அடையாள எண்ணான 17 இலக்க வின் எண்ணைப் போட்டு, ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டிகளைத் திரும்பக் கூப்பிடுவது) இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதுகாப்பு ரீகால் வாரண்டியைச் சேர்ந்தது இல்லை. வாரண்டி முடிந்த பிறகும், முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு வரை இலவசமாகச் செய்து தர வேண்டும்.

இன்றைக்கே டீலருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரே மெயில் போட்டுவிடுங்கள், ஃபோன் வேண்டாம். வின் எண், வாங்கிய தேதி, ஐந்து குறையும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் படம். நீங்களே சரிசெய்யப் போகும் மூன்றையும் அதில் எழுதுங்கள், “தற்காலிகமாகச் சரிசெய்துகொள்கிறோம், மீண்டும் வந்தால் தெரிவிப்போம்” என்று. முன் சுவரில் தண்ணீர் புகுகிறது, தார்ப்பாயால் மூடியிருக்கிறோம், ஏழு வாரம் தாங்காது, முன்னதாகப் பார்க்க வேண்டும் என்பதைத் தனிப் பத்தியாக முதலில் போடுங்கள். தண்ணீர் புகுகிறது என்று எழுத்தில் வந்துவிட்டால், தாமதத்தால் பெருகும் சேதத்துக்குத் தாங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்; தேதி முன்னால் நகர வாய்ப்பு உண்டு. நகரவில்லை என்றால், அதே கம்பெனியின் வேறு அங்கீகரிக்கப்பட்ட டீலர் ஃபோர்ட் வொர்த் பக்கமோ ஓக்லஹோமா எல்லைப் பக்கமோ இருக்கிறாரா, வாரண்டி வேலை எடுத்துக்கொள்வாரா என்று கம்பெனியையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் வரிசையில் நிற்கச் சொல்லும் இடம், கம்பெனி கேட்டால் சில சமயம் இடம் கொடுக்கும்.